மீசை மறைத்த இசை: ஹால் – ஓட்ஸ் இரட்டையர்

1982 ஜனவரி கடைசியில், ஒலிவியா நியூட்டன்-ஜானின் ‘ஃபிசிகல்’ பத்து வாரமாகப் பிடித்து வைத்திருந்த அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியல் முதலிடத்தை ‘ஐ கான்ட் கோ ஃபார் தட்’ என்ற பாட்டு பறித்துக்கொண்டது. ஒரு பாட்டு ஏறி இன்னொன்று இறங்குவது வாடிக்கைதான். ஆனால் கறுப்பின மக்கள் கேட்கும் வானொலிகளையும் அவர்கள் இசைத்தட்டு வாங்கும் கடைகளையும் கணக்கில் வைத்துப் போடப்பட்ட சோல் (தேவாலயப் பாட்டில் வேரூன்றிய கறுப்பின இசை) பட்டியலிலும் அதே பாட்டு முதலிடத்துக்கு வந்தது. பாடியவர்கள் இருவரும் வெள்ளையர்கள். ஒருவர் பொன்னிறத் தலைமுடியோடு உயரமாக இருப்பார், மற்றவர் குட்டையாகச் சுருட்டை முடியும் அடர்ந்த மீசையுமாக இருப்பார். டேரில் ஹால், ஜான் ஓட்ஸ்.

எண்களை மட்டும் பார்த்தால் இவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. முதலிடம் பிடித்த பாடல்கள் ஆறு, முதல் பத்துக்குள் வந்தவை பதினாறு. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 1984இல், பழைய சாதனையாளர்களான எவர்லி சகோதரர்களையும் வெற்றியில் முந்திவிட்ட இரட்டையர் என்று இவர்களை அறிவித்தது. ஆனால் இருவருமாக ஒரு கிராமி விருதுகூட வாங்கியதில்லை. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்துக்குள் போக 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் பெயரைச் சொன்னால் இன்றும் பலருக்கு முதலில் ஒரு சிரிப்புதான் வருகிறது. அப்புறம்தான் பாட்டு.

இவ்வளவு விற்ற ஒரு ஜோடியைக் குறைத்து மதிப்பிடப்பட்டவர்கள் என்று சொல்வது முரணாகப் படலாம். விற்பனையும் மதிப்பும் வேறு வேறு கணக்குகள். ராக் விமர்சகர்கள் இவர்களைக் கேட்பதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள். மீசை, ஒப்பனை, எண்பதுகளின் தோள்பட்டை தூக்கிய கோட்டு, மலிவான வீடியோக்கள் எல்லாம் முந்திக்கொண்டன. காதால் மட்டும் கேட்டவர்கள் வேறு பக்கம் இருந்தார்கள். முதலில் கறுப்பின வானொலியின் நேயர்கள், பிறகு பழைய இசைத்தட்டுகளைத் தோண்டி ஹிப்-ஹாப் செய்த பிள்ளைகள். ஹால் – ஓட்ஸின் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் இவர்களே என்பது என் கட்சி.

அதைப் புரிந்துகொள்ள ஃபிலடெல்ஃபியாவுக்குப் போக வேண்டும்.

அறுபதுகளின் ஃபிலடெல்ஃபியா தெருமுனைப் பாட்டின் ஊர். நான்கைந்து பையன்கள் சேர்ந்தால் ஒருவன் கீழ்க்குரல், ஒருவன் கள்ளக்குரல், நடுவில் மற்றவர்கள் என்று வாத்தியம் ஏதுமின்றி ஒரு குழு தயாராகிவிடும். வடக்கு ஃபிலடெல்ஃபியாவின் அப்டவுன் தியேட்டரில் அமெரிக்காவின் பெரிய சோல் கலைஞர்கள் எல்லாம் வந்து பாடினார்கள். டபிள்யூடிஏஎஸ் என்ற கறுப்பின வானொலி நிலையம்தான் ஊரின் காது. அதன் புகழ்பெற்ற அறிவிப்பாளர் ஜார்ஜி வுட்ஸ், 1964–65 வாக்கில் ரைட்டியஸ் பிரதர்ஸ் என்ற வெள்ளையர் ஜோடியின் பாட்டைப் போடும்போது சொன்ன சொல்தான் ‘ப்ளூ-ஐட் சோல்’, அதாவது நீலக்கண்ணர்களின் சோல் இசை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பிற்காலத்தில் அந்தச் சொல்லை ஹால் – ஓட்ஸின் நெற்றியில் ஒட்டியபோது ஹாலுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. பாட்டுக்குத் தோல் நிறத்தைக் கேட்காதீர்கள் என்று பேட்டிக்குப் பேட்டி எரிந்து விழுந்திருக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு, ஆனால் முழு நியாயம் இல்லை. அதற்குக் கீழே வருகிறேன்.

ஹால் 1946இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு வடமேற்கே பாட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். இயற்பெயர் டேரில் ஹோல். நகரத்தின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர், படித்ததைவிடப் பாடியதே அதிகம். ‘டெம்ப்டோன்ஸ்’ என்ற வெள்ளையர் குரல் குழுவில் இருந்தார். பெயரிலேயே தெரிகிறது, டெம்ப்டேஷன்ஸ் என்ற புகழ்பெற்ற கறுப்பின சோல் குழு மீதான பக்தி. அந்தக் குழுவினரோடு பழகும் வாய்ப்பும் கிடைத்தது. ஊரின் ஒலிப்பதிவுக் கூடங்களில் பின்னணிக் குரல் கொடுத்து, பின்னாளில் ‘ஃபிலடெல்ஃபியா ஒலி’ என்று உலகம் அறிந்த இசையை உருவாக்கிய கென்னி கேம்பிள், லியான் ஹஃப், தாம் பெல் போன்றவர்கள் புழங்கிய வட்டத்திலேயே வளர்ந்தார். கறுப்பின இசையைத் தூரத்தில் இருந்து இசைத்தட்டில் கேட்டுப் பழகியவர் என்று இவரைச் சொல்ல முடியாது. அது உருவான பட்டறையிலேயே எடுபிடியாக இருந்தவர்.

ஓட்ஸின் வழி வேறு. நியூயார்க்கில் பிறந்து, பென்சில்வேனியாவின் நார்த் வேல்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். கையில் கிட்டார். ஜெர்ரி ரிக்ஸ் என்ற கிட்டார் ஆசானிடம் மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் போன்ற பழைய ப்ளூஸ் கலைஞர்களின் விரல் வாசிப்பைக் கற்றவர். சோல், நாட்டுப்பாடல் இரண்டும் ஒரே கையில் இருந்தன. அவருக்கும் ‘மாஸ்டர்ஸ்’ என்று ஒரு குழு இருந்தது.

இருவரும் சந்தித்த கதை எழுத்தாளன் கற்பனை செய்து எழுதினால் நம்ப மாட்டோம். 1967, மேற்கு ஃபிலடெல்ஃபியாவின் அடெல்ஃபி பால்ரூம். பல குழுக்கள் தங்கள் இசைத்தட்டுக்கு வாயசைக்க வந்திருந்த ஒரு நிகழ்ச்சி. மேடை ஏறும் முன்பே கூட்டத்தில் இரண்டு கோஷ்டிகளுக்குள் சண்டை மூண்டு துப்பாக்கி வெடித்தது. தப்பி ஓடிய ஹாலும் ஓட்ஸும் ஒரே சரக்கு லிஃப்டுக்குள் போய் நின்றார்கள். பேச்சுக் கொடுத்தபோது இருவருமே டெம்பிள் மாணவர்கள் என்று தெரிந்தது. அன்றைக்கே கூட்டுச் சேர்ந்துவிடவில்லை. சில ஆண்டுகள் தனித்தனியே அலைந்து, ஓட்ஸ் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வந்து, ஹாலின் வீட்டில் தங்க நேர்ந்த பிறகுதான் சேர்ந்து எழுத ஆரம்பித்தார்கள்.

அட்லான்டிக் நிறுவனம் 1972இல் வெளியிட்ட முதல் ஆல்பம் ‘ஹோல் ஓட்ஸ்’ கவனிக்கப்படாமல் போனது. போகட்டும், அதில் இழப்பு பெரிதில்லை. இரண்டாவதாக வந்த ‘அபேன்டன்ட் லஞ்சனெட்’ (1973) வேறு ரகம். தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின், துருக்கியில் பிறந்து அட்லான்டிக்கின் சோல் பொற்காலத்தைச் செதுக்கியவர்களில் ஒருவர். அட்டையில் இருக்கும் பாழடைந்த உணவுக்கடை ஹாலின் ஊருக்குப் பக்கத்தில் புல் மண்டிக் கிடந்த உண்மையான கடை.

அந்த ஆல்பத்தின் ‘ஷீஸ் கான்’ இந்த இருவரின் கூட்டு எப்படி இயங்கியது என்பதற்கு நல்ல சான்று. நியூயார்க்கில் பழக்கமான ஒரு பெண், புத்தாண்டு இரவில் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. ஓட்ஸ் வீட்டில் கிட்டாரை எடுத்துப் பல்லவியைப் பாடிவிட்டார். அவரிடம் இருந்தது ஒரு நாட்டுப்பாடகனின் சோகம், அவ்வளவுதான். அதே நாட்களில் ஹாலின் திருமணம் முறிந்துகொண்டிருந்தது. அவர் பியானோவில் உட்கார்ந்து அதே வரிகளுக்கு அடியில் மெதுவாக உருளும் ஒரு தாளக்கட்டைப் போட்டார். சின்ன ஏமாற்றம் ஒரு பக்கம், பெரிய இழப்பு மறுபக்கம். இரண்டும் சேர்ந்தபோது ஆளே இல்லாத வீட்டில் கண்ணாடி முன் நின்று பேசுகிறவனின் குரல் வந்துவிட்டது. சரணங்களில் இருவரும் கிட்டத்தட்டப் பேச்சுக் குரலில் ஒன்றாகப் பாடுவார்கள். முடிவில் சுருதி படிப்படியாக மேலேற, ஹால் கள்ளக்குரலுக்குப் போய்க் கதறுவார். மார்டினின் தந்திக் கருவிகள் பின்னால் நின்று அந்த ஏற்றத்தைத் தாங்கும்.

பாட்டு அறுபதாம் இடத்தோடு நின்றுவிட்டது. ஆனால் 1974இல் டவாரேஸ் என்ற கறுப்பினச் சகோதரர் குழு அதே பாட்டைப் பாடி சோல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வெள்ளையர் எழுதிய சோல் பாட்டைக் கறுப்பினக் குழு தன் பாட்டாக ஏற்றுக்கொண்டு வெற்றிபெறச் செய்தது. வெள்ளை வானொலி அதற்கு அப்புறமே விழித்தது. ஹால் – ஓட்ஸின் மூலப் பதிவை 1976இல் மறுபடி வெளியிட்டபோது ஏழாம் இடம் வரை போனது. இந்த வரிசை பின்னால் பலமுறை திரும்ப வரும்.

அடுத்து டாட் ரண்ட்கிரன் தயாரித்த ‘வார் பேபீஸ்’. சோல் கேட்க வந்தவர்களை விரட்டியடித்த ராக் ஆல்பம். அதோடு அட்லான்டிக் உறவு முடிந்தது. ஆர்சிஏ நிறுவனத்துக்கு மாறி 1975இல் வெளிவந்த ஆல்பத்தின் அட்டையில் இருவருக்கும் பளபளக்கும் ஒப்பனை. ராக் பாடகர் டேவிட் போவிக்கு ஒப்பனை செய்த பியர் லரோஷ் செய்த வேலை. அந்த அட்டையைப் பார்த்தவர்கள் உள்ளே ‘சாரா ஸ்மைல்’ இருப்பதை எதிர்பார்த்திருக்க முடியாது. ஹால் தன் காதலி சாரா ஆலனுக்கு எழுதியது அது. மேளதாளம் இல்லாத, கிசுகிசுக்கும் சோல். பாட்டு முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில் ஹால் எழுதிய மெட்டை விட்டுவிட்டுச் சொல்லை நீட்டி, மடக்கி, உடைத்து விளையாட ஆரம்பிப்பார். கறுப்பினத் தேவாலயத்தில் பாடகர் உணர்ச்சிவசப்பட்டு வரியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பாடும் மரபிலிருந்து வந்த வித்தை அது. எழுதிக் கொடுத்தால் வராது. பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறி, முதல் பெரிய வெற்றியானது. 1977இல் ‘ரிச் கர்ள்’ முதலிடம். (அப்பன் காசில் ஆடுவதாகக் கிண்டல் செய்யப்படுவது உண்மையில் ஒரு பையன், சாராவின் முன்னாள் காதலன். பாட்டுக்காகப் பெண்ணாக்கினார்கள்.)

1977 முதல் 1979 வரை வந்த மூன்று ஸ்டூடியோ ஆல்பங்களை விரைவாகக் கடந்துவிடலாம். வெளியார் தயாரிப்பாளர்கள், வாடகை வாத்தியக்காரர்கள், டிஸ்கோ பக்கம் ஒரு கால், ராக் பக்கம் ஒரு கால். அவற்றைவிடச் சுவாரசியம், வெளிவராமல் கிடந்த ஒன்று. 1977இல் ஹால், கிங் கிரிம்சன் குழுவின் ராபர்ட் ஃபிரிப்புடன் சேர்ந்து ‘சேக்ரட் சாங்ஸ்’ என்ற தனி ஆல்பத்தைப் பதிவு செய்தார். சோல் குரலும் ஃபிரிப்பின் விநோதக் கிட்டாரும் சேர்ந்த கலவை. ஆர்சிஏ பயந்துபோய் மூன்று ஆண்டு பெட்டியில் பூட்டி வைத்து 1980இல்தான் வெளியிட்டது. ‘வெறும் வானொலிப் பாட்டுக்காரர்’ என்று ஹாலை எழுதியவர்கள் இதைக் கேட்டிருந்தால் தயங்கியிருப்பார்கள்.

1980இல் எடுத்த ஒரு முடிவு எல்லாவற்றையும் மாற்றியது. இனி நம் ஆல்பத்தை நாமே தயாரிப்போம், மேடையில் நம்மோடு வாசிக்கும் குழுவையே ஸ்டூடியோவுக்குக் கூட்டி வருவோம் என்று முடிவு செய்தார்கள். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் ஜிமி ஹென்றிக்ஸ் கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோ அவர்களின் களமானது. கிட்டாரில் ஜி. இ. ஸ்மித், சாக்ஸபோனில் சார்லஸ் டிஷான்ட், கொஞ்சம் பின்னால் டிரம்ஸுக்கு மிக்கி கரியும் பேஸுக்கு டி-போன் வோக்கும் வந்து சேர்ந்தார்கள். பாடல் எழுத சாரா ஆலனும் அவர் தங்கை ஜன்னா ஆலனும். அதாவது இரட்டையர் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டுக் குடும்பமே உழைத்தது. ‘வாய்சஸ்’ (1980), ‘பிரைவேட் ஐஸ்’ (1981), ‘எச்2ஓ’ (1982) என்று வரிசையாக ஆல்பங்கள். அவற்றிலிருந்து ‘கிஸ் ஆன் மை லிஸ்ட்’, ‘பிரைவேட் ஐஸ்’, ‘ஐ கான்ட் கோ ஃபார் தட்’, ‘மேன்ஈட்டர்’ என நான்கு முதலிடங்கள். 1984இல் ‘அவுட் ஆஃப் டச்’ ஐந்தாவது.

இந்தக் காலத்தின் சாதனை என்ன என்று கேட்டால் பெரும்பாலோர் ‘கவர்ச்சியான பல்லவிகள்’ என்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, இயந்திரத் தாளத்தின் மேல் சோல் குரலை எப்படி நிறுத்துவது என்ற கேள்விக்கு இவர்கள் கண்ட விடை. எழுபதுகளின் ஃபிலடெல்ஃபியா சோல் என்றால் தந்திக் கருவிகளும் ஊதுகருவிகளும் நிறைந்த பெரிய மேளம். எண்பதில் அதற்குக் காசும் இல்லை, காலமும் இல்லை. சின்தசைசரும் டிரம் மெஷினும் வந்துவிட்டன. அவற்றை வைத்துப் பலர் பாட்டைக் குளிர்ச்சியாக்கினார்கள். இவர்கள் சூட்டை விடாமல் வைத்திருந்தார்கள்.

‘ஐ கான்ட் கோ ஃபார் தட்’ பிறந்த விதத்தை ஹாலே பலமுறை சொல்லியிருக்கிறார். பதிவு வேலை முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரம். ரோலண்ட் சிஆர்-78 என்ற டிரம் மெஷினைத் தட்டிவிட்டார். அதில் உற்பத்தியாளரே பதிந்து வைத்திருந்த ஒரு ராக் தாளம் ஓடியது. கோர்க் ஆர்கனில் உட்கார்ந்து கீழ்ச் சுரங்களில் ஒரு பேஸ் வரியைப் போட்டார், மேலே ஓரிரண்டு கார்டுகள் (சுர அடுக்குகள்). கேட்டுக்கொண்டிருந்த பொறியாளர் நீல் கெர்னன் பதிவு பொத்தானை அழுத்தினார். ஓட்ஸ் கிட்டாரில் ஒரு சின்னத் துணுக்கைச் சேர்த்தார். பாட்டின் எலும்புக்கூடு அவ்வளவுதான். வரிகளை ஹாலும் சாராவும் பின்பு எழுதினார்கள். காதல் சண்டைபோல் ஒலிக்கும் அந்த மறுப்பு உண்மையில் இசை வணிகத்தை நோக்கியது. நிறுவனமும் மேலாளரும் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட மாட்டேன் என்பதுதான் பொருள்.

அந்தப் பதிவை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் அதில் எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்பது ஆச்சரியம் தரும். தாளம் ‘டிக் டிக்’ என்று உலர்ந்து ஓடும். பேஸ் வரி பதுங்கிப் பதுங்கி நடக்கும். குரல் நுழையும் வரை ஒருவரும் அவசரப்படுவதில்லை. அந்தக் காலியிடம்தான் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்களுக்கு விருந்தானது. 1989இல் டி லா சோல் குழு இதை எடுத்து ‘சே நோ கோ’ என்ற போதை எதிர்ப்புப் பாட்டாக்கியது. 2003இல் சிம்ப்ளி ரெட் ‘சன்ரைஸ்’ பாட்டுக்கு இதே தளத்தைப் பயன்படுத்தியது. வு-டாங் கிளான் என்ற ஹிப்-ஹாப் குழுவின் ‘மெத்தட் மேன்’ பாட்டில் பெயரை எழுத்து எழுத்தாக உச்சரிக்கும் பல்லவி, ஹால் – ஓட்ஸின் ‘மெத்தட் ஆஃப் மாடர்ன் லவ்’ பாட்டின் எதிரொலி.

எல்லாவற்றுக்கும் பெரிய கடனாளி மைக்கேல் ஜாக்சன். 1985 ஜனவரியில் ‘வீ ஆர் தி வேர்ல்ட்’ என்ற பஞ்ச நிவாரணப் பாட்டின் பதிவுக்குக் கூடியிருந்தபோது அவர் ஹாலிடம் வந்து, ‘பில்லி ஜீன்’ பாட்டின் தாளப்போக்கு உங்கள் பாட்டிலிருந்து எடுத்தது, தப்பாக நினைக்காதீர்கள் என்றாராம். ஹால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாங்களும் அப்படித்தான் பிறரிடமிருந்து எடுக்கிறோம் என்று பதில் சொன்னதாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

இங்கேதான் நான் பாதியில் விட்ட நியாயத்துக்கு வர வேண்டும். எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி 1981 ஆகஸ்டில் தொடங்கியபோது கறுப்பினக் கலைஞர்களின் வீடியோக்களுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. கறுப்பினப் பாடகர் ரிக் ஜேம்ஸ் வெளிப்படையாகவே சண்டை போட்டார். 1983இல் டேவிட் போவி, தன்னைப் பேட்டி கண்ட எம்டிவி தொகுப்பாளரிடமே ஏன் கறுப்பினத்தவரைப் போடுவதில்லை என்று கேட்டார். அதே எம்டிவியில் ‘பிரைவேட் ஐஸ்’ துப்பறிவாளர் கோட்டும் தொப்பியுமாகத் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. ஹாலும் ஓட்ஸும் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்குச் சாத்தப்பட்டிருந்த கதவு அவர்களுக்குத் திறந்திருந்தது என்பது உண்மை. ஒரே ஊரில், ஒரே மரபில் வளர்ந்த கறுப்பினக் குழுக்களுக்குக் கிடைக்காத வெளிச்சம் அது. பாட்டுக்கு நிறம் இல்லை என்று ஹால் சொல்லலாம், நிகழ்ச்சி நிரல் போட்டவர்களுக்கு நிறம் தெரிந்தது. அந்தக் கதவை 1983இல் உடைத்த பாட்டு ‘பில்லி ஜீன்’. ஹாலின் பேஸ் வரியில் ஊன்றி நின்றுதான் ஜாக்சன் அதை உடைத்தார் என்றால், கடன் இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறது.

கடனை அவர்கள் மறைத்தார்களா? இல்லை. 1985 மே மாதம் புதுப்பிக்கப்பட்ட ஹார்லமின் அப்போலோ தியேட்டரில், கறுப்பின மாணவர்களின் கல்லூரி நிதிக்காக நடந்த நிகழ்ச்சியில் டெம்ப்டேஷன்ஸின் டேவிட் ரஃபினையும் எடி கென்ட்ரிக்ஸையும் பக்கத்தில் நிறுத்திப் பாடினார்கள். புகழ் மங்கி ஓரமாக இருந்த இருவர். ஜூலையில் சொந்த ஊரான ஃபிலடெல்ஃபியாவில் நடந்த லைவ் எய்ட் என்ற பஞ்ச நிவாரணக் கச்சேரி மேடைக்கும் அவர்களை அழைத்துப் போனார்கள். 1989இல் டெம்ப்டேஷன்ஸ் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது அறிமுக உரை ஆற்றியவர்கள் இந்த இருவரே. அதே வாசலுக்குள் இவர்கள் நுழைய இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. அப்போது இவர்களை அறிமுகம் செய்தவர் ஃபிலடெல்ஃபியாக்காரரான குவெஸ்ட்லவ், ரூட்ஸ் என்ற ஹிப்-ஹாப் குழுவின் டிரம்மர். டவாரேஸ், டி லா சோல், குவெஸ்ட்லவ் என்று வரிசையைப் பார்த்தால் யார் யாருக்காக வாதாடினார்கள் என்பது விளங்கும்.

ராக் விமர்சகர்கள் ஏன் இவ்வளவு தாமதித்தார்கள்? அந்தத் தலைமுறை விமர்சகர்களுக்குக் கலகம் வேண்டும், காயம் வேண்டும், முழு ஆல்பமாக ஒரு தத்துவம் வேண்டும். இவர்கள் செய்தது மூன்றரை நிமிடப் பாட்டு. கஷ்டப்பட்டுச் செய்ததைக் கஷ்டமே இல்லாததுபோல் காட்டினார்கள். ‘மேன்ஈட்டர்’ பாட்டை ஓட்ஸ் ஜமைக்காவின் ரெகே தாளத்தில்தான் தொடங்கினார். அதை டெட்ராய்டின் மோட்டவுன் நிறுவனப் பாட்டுகளின் துள்ளலுக்கு மாற்றியது ஹால். பெண்ணைப் பழிப்பதாகப் பலர் எடுத்துக்கொண்ட அந்தப் பாட்டு, எண்பதுகளின் நியூயார்க் பணவெறியைப் பற்றியது என்று ஓட்ஸ் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். மெட்டு அவ்வளவு வழுக்கும்போது வரிகளை யார் கவனிப்பார்கள்? வீடியோக்களும் உதவவில்லை. ‘அடல்ட் எஜுகேஷன்’ வீடியோவை இன்று பார்த்தால் குகை மனிதர் வேடத்தில் பள்ளி ஆண்டுவிழா நாடகம்போல் இருக்கிறது.

ஓட்ஸுக்கு நேர்ந்தது இன்னும் அநியாயம். வெற்றிப் பாடல்களில் பெரும்பாலும் முன்குரல் ஹாலுடையது என்பதால் பக்கத்தில் மீசையோடு நிற்கும் ஆள் என்ன செய்கிறார் என்பதே நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது. ‘ஷீஸ் கான்’ பல்லவி அவருடையது, ‘மேன்ஈட்டர்’ கரு அவருடையது. ‘அவுட் ஆஃப் டச்’ பல்லவியை ஸ்டைலிஸ்டிக்ஸ் என்ற ஃபிலடெல்ஃபியா சோல் குழு பாடுவதாக நினைத்துத்தான் எழுதினார். கீழ்ப்படியில் நின்று ஹாலின் குரலுக்குத் தரையாக இருந்த சேர்க்கைக் குரலும் அவருடையதே. ஹால் இல்லாமல் இந்தப் பாடல்கள் இல்லை, சந்தேகமில்லை. ஆனால் ஹால் தனியாகப் பாடிய ஆல்பங்களில் ஏதோ ஒரு எடை குறைவதை என் காது உணர்கிறது.

புத்துயிர் இணையத்தின் வழியாக வந்தது, அதுவும் கிண்டல் வேடத்தில். 2005இல் தொடங்கிய ‘யாட் ராக்’ என்ற இணையத் தொடர் எழுபதுகளின் மென்ராக் கலைஞர்களைக் கேலி செய்தது. ஹாலும் ஓட்ஸும் அதில் அடாவடிப் பேர்வழிகள். அந்தக் கேலிதான் எங்களைப் பற்றி மீண்டும் பேச வைத்தது என்று ஓட்ஸ் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். ஹாலுக்கு அந்த முத்திரையும் பிடிக்கவில்லை, அதிசயமில்லை. 2009இல் ‘500 டேஸ் ஆஃப் சம்மர்’ படத்தில் காதல் கைகூடிய இளைஞன் தெருவில் ஆடிக்கொண்டே போகும் காட்சிக்கு ‘யூ மேக் மை ட்ரீம்ஸ்’ ஒலித்தது. அன்றிலிருந்து அமெரிக்கக் கல்யாண வரவேற்புகளில் அந்தப் பாட்டு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. 2010இல் ‘தி பேர்ட் அண்ட் தி பீ’ என்ற இசை ஜோடி இவர்கள் பாடல்களை வைத்து ஓர் ஆல்பமே வெளியிட்டது.

ஹால் செய்த புத்திசாலித்தனமான காரியம் ‘லைவ் ஃப்ரம் டேரில்ஸ் ஹவுஸ்’. 2007 நவம்பரில் தன் வீட்டுக்குள் கேமராவை வைத்து இணையத்தில் தொடங்கிய நிகழ்ச்சி. ஸ்மோக்கி ராபின்சன் போன்ற முன்னோரும் குரோமியோ போன்ற இளையவர்களும் வந்து உட்கார்ந்து பாடினார்கள். யூடியூபில் வீட்டிலிருந்து கச்சேரி என்பது பழக்கமாகும் முன்பே ஆரம்பித்தது அது. எண்பதுகளின் பளபளப்பெல்லாம் கழன்று, வெறும் குரலும் வாத்தியமும் மட்டும் மிஞ்சியதைப் பார்த்தபோது பழைய நையாண்டிக்காரர்களுக்கும் வாய் அடைத்தது. 2010இல் டி-போன் வோக் இறந்தபின் அந்த நிகழ்ச்சியின் ஒலி மாறியது. அதைக் கேட்டாலே தெரியும்.

கடைசி அத்தியாயம் கசப்பானது. 2023 நவம்பரில், இருவரின் கூட்டு நிறுவனத்தில் ஓட்ஸ் தன் பங்கை பிரைமரி வேவ் என்ற இசை உரிமை நிறுவனத்துக்கு விற்க முயல்வதைத் தடுக்க ஹால் நாஷ்வில் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்தது, தகராறு நடுவர் மன்றத்துக்குச் சென்றது. ஒரே லிஃப்டில் தப்பி வந்தவர்கள் வக்கீல்கள் மூலம் பேசிக்கொண்டார்கள். இனி சேர்ந்து பாடுவதில்லை என்பதை ஹால் தெளிவாகச் சொல்லிவிட்டார். எழுபதைத் தாண்டிய இருவர் பங்குக்காக மோதுவதைப் பார்த்து வருத்தப்படலாம், ஆனால் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. பெயரைக்கூட அவர்கள் எப்போதும் ‘டேரில் ஹால் அண்ட் ஜான் ஓட்ஸ்’ என்று இரண்டு தனி மனிதர்களாகவே அட்டையில் போட்டார்கள். ‘ஹால் அண்ட் ஓட்ஸ்’ என்று சுருக்கியது நாம்தான்.

புதிதாகக் கேட்க நினைப்பவர் வெற்றித் தொகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். அதில் எல்லாம் ஒரே சத்தத்தில் வரிசையாக வந்து காதை மழுங்கடிக்கும். ‘அபேன்டன்ட் லஞ்சனெட்’டின் முதல் பக்கத்தை முழுதாகக் கேளுங்கள். பிறகு ‘சாரா ஸ்மைல்’, அதன் கடைசி ஒரு நிமிடத்துக்காக. அப்புறம் ‘வாய்சஸ்’ ஆல்பத்தில் ‘எவ்ரிடைம் யூ கோ அவே’. இங்கிலாந்தின் பால் யங் 1985இல் பாடி அமெரிக்க முதலிடத்துக்குக் கொண்டுபோனதால் அது அவர் பாட்டென்றே உலகம் நினைக்கிறது. எழுதியது ஹால். யங்கின் பதிவில் இருக்கும் மெருகு இதில் இல்லை. ஆர்கன் தேவாலயத்தில் வாசிப்பதுபோல் நிதானமாக நகர, ஹால், சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் மாணவனைப்போல் ஒவ்வொரு வரியாக இழுத்துப் பாடுவார். அப்போலோ மேடைப் பதிவிலும் அந்தப் பாட்டு உண்டு, அங்கே ஹார்லம் கூட்டத்தின் குரலையும் சேர்த்துக் கேட்கலாம்.